நாடி நூறைத் தாண்டும்போது



இதயநோய் மருத்துவர் பேசுகிறார் என்றால் மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று அவற்றை நான் தொடப்போவதில்லை. ஒரு சின்ன மாத்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பீட்டா பிளாக்கர் என்பார்கள். உங்கள் மருந்துச் சீட்டில் மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால், பிசோப்ரோலால், அட்டெனலால் என்று ஏதாவது ஒரு பெயரில் அது இருக்கும்.

“சும்மா உக்காந்திருக்கும்போதே பல்ஸ் 105 காட்டுது டாக்டர். இந்த மாத்திரையப் போடச் சொல்றாங்க. போட ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதாமே?” வாரம் தவறாமல் என் அறையில் யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார். கேட்கிறவர் முகத்தில் இரண்டு பயம் தெரியும். ஒன்று துடிப்பைப் பற்றிய பயம். இன்னொன்று மாத்திரையைப் பற்றிய பயம். இரண்டையும் இன்று பேசித் தீர்த்துவிடுவோம்.

அதற்கு முன் ஒரு காரியம் செய்வோம். இடது கையை மல்லாக்க மடியில் வையுங்கள். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வையுங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காதீர்கள். அதற்கே ஒரு துடிப்பு உண்டு, கணக்கு குழம்பிவிடும். மெல்ல அழுத்துங்கள். கிடைத்துவிட்டதா? எதிர்ச்சுவரில் கடிகாரம் இருக்கிறது. முப்பது விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள்.

(அரங்கில் அரை நிமிடம் அமைதி.)

முன்வரிசை அம்மா 76 என்கிறார்கள். பின்னால் நிற்கிற தம்பி 98 என்கிறார். தம்பி, நீங்கள் படியேறி வந்த சூட்டோடு, நின்றபடியே எண்ணியிருக்கிறீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எண்ணுங்கள், இறங்கியிருக்கும். ஓய்வுத் துடிப்பு என்று நாங்கள் சொல்வது, உட்கார்ந்து, பேச்சை நிறுத்தி, மூச்சு அடங்கிய பிறகு எண்ணுகிற எண். வளர்ந்தவர்களுக்கு அது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம். நன்றாகப் பயிற்சி செய்த ஓட்டக்காரருக்கு 45 இருந்தாலும் குறை இல்லை. கைக்குழந்தைக்கு 130 இருந்தாலும் குறை இல்லை.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கினோம். அதில் இரண்டு எண் தெரியும். அன்றைக்கு எல்லோரும் ஆக்ஸிஜன் எண்ணைப் பார்த்தோம். கொரோனா காலம் போய்விட்டது, கருவி அலமாரியிலேயே இருக்கிறது. இப்போது மற்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறோம். பயந்தால் துடிப்பு ஏறும். ஏறினால் இன்னும் பயம் வரும், மறுபடியும் விரலை மாட்டிப் பார்ப்போம். ஒரு நாளைக்கு இருபது தடவை விரலை மாட்டுகிறவர்களை நான் பார்க்கிறேன். அவர்களுக்குச் சொல்கிறேன்: காலையில் எழுந்து, காபிக்கு முன்னால், ஒரே ஒரு முறை எண்ணுங்கள். ஒரு வாரம் எழுதி வையுங்கள். அந்த ஏழு எண்கள் எனக்குப் போதும்.

சரி, அந்த ஏழு எண்ணும் நூறுக்கு மேலேயே இருக்கின்றன. அதனால் என்ன கெட்டுவிடும்?

75 துடித்தால் ஒரு நாளைக்கு 1,08,000 துடிப்பு. 110 துடித்தால் 1,58,400. ஐம்பதாயிரம் துடிப்பு கூடுதல் வேலை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. உடம்பெல்லாம் இரத்தம் பெறுவது இதயம் சுருங்கும்போது. ஆனால் இதயத்தின் பெரிய அறையான இடது கீழறையின் தசை தன் பங்கு இரத்தத்தைப் பெறுவது பெரும்பாலும் அது விரியும்போது, இரண்டு துடிப்புக்கு நடுவில் கிடைக்கிற அந்த ஓய்வில். வேகம் கூடும்போது முதலில் குறைவது அந்த ஓய்வுதான். வேலை கூடுகிறது, சாப்பாட்டு நேரம் குறைகிறது. இரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு இது நெஞ்சுவலியாக வெளிப்படும். மாதக்கணக்கில் மிக வேகமாகவே ஓடினால், நல்ல இதயமும் தளர்ந்து போவதுண்டு. நல்ல இதயம் சில நாள் 105-இல் ஓடினால் ஒன்றும் கெட்டுவிடாது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்படியானால் உடனே மாத்திரையைப் போட்டுக் குறைத்துவிட வேண்டியதுதானே? இல்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதயம் ஏன் ஓடுகிறது என்பது.

ஒரு பள்ளி ஆசிரியை வந்தார்கள். முப்பதைத் தாண்டிய வயது. துடிப்பு 112. கையில் பீட்டா பிளாக்கர் சீட்டு இருந்தது. ஈ.சி.ஜி. எடுத்தோம், வேகத்தைத் தவிர வேறு கோளாறு இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை, காகிதம் போல வெளுத்திருந்தது. “அரிசி மெல்லுகிற பழக்கம் உண்டாம்மா?” என்று கேட்டேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கூட வந்த அவர்கள் அம்மாதான் பதில் சொன்னார்கள்: “டப்பாவுல பச்சரிசி வெக்க முடியல டாக்டர், வாரத்துல காலி பண்ணிடுறா.” பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ் இவற்றின்மேல் அடங்காத ஆசை வருவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். ஹீமோகுளோபின் பார்த்தால் 7. பல வருடங்களாக மாதவிலக்கில் அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த இதயம் ஏன் ஓடியது? இரத்தத்தில் ஆக்ஸிஜன் சுமக்கிற சிவப்பணு பாதிதான் இருக்கிறது. பாதிச் சரக்கை வைத்துக்கொண்டு முழு உடம்புக்கும் கொடுக்க வேண்டும் என்றால் சுற்று கூடத்தானே வேண்டும்? அந்த இதயம் செய்தது சரியான வேலை. அதை மாத்திரையால் அடக்கியிருந்தால் எண் அழகாகியிருக்கும். அவர்களுக்குக் களைப்பும் மூச்சிரைப்பும்தான் கூடியிருக்கும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, மகளிர் மருத்துவரிடம் அனுப்பினோம். சில மாதங்களில் துடிப்பு 84-க்கு வந்துவிட்டது. பீட்டா பிளாக்கர் தேவைப்படவே இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதனால்தான் வேக நாடியோடு ஒரு பெண் வந்தால் நான் முதலில் இமையை இழுத்துப் பார்க்கிறேன்.

இன்னொருவர் மளிகைக்கடைக்காரர். நன்றாகச் சாப்பிடுகிறார், ஆனால் இடுப்பில் வேட்டி நிற்கவில்லை, அவ்வளவு இளைப்பு. டிசம்பர் மாதத்திலும் வியர்வை. இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்களின்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தேன். தாளின் ஓரம் படபடவென்று நடுங்கியது. தைராய்டு அளவுக்கு மேல் சுரந்துகொண்டிருந்தது. அவருக்கு நான் பீட்டா பிளாக்கர் கொடுத்தேன். தைராய்டை அடக்குகிற மருந்து வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் யார் தாங்குவது? ப்ரோப்ரனலால் அந்த இடைவெளியில் துணை நின்றது. தைராய்டு கட்டுக்குள் வந்ததும் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டோம். ஆயுளுக்கும் விட முடியாதாமே என்று கேட்கிறார்களே, அவர் விட்டுவிட்டார்.

ஒரே மாத்திரை. ஒருவருக்குக் கொடுக்கக்கூடாது, இன்னொருவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். எதை வைத்து முடிவு செய்தோம்? காரணத்தை வைத்து.

காரணங்கள் இன்னும் பல. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு ஏறத்தாழ பத்து கூடும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றினால் கூடும். கர்ப்ப காலத்தில் இயல்பாகவே கூடும். மூச்சிரைப்புக்கு இழுக்கிற சால்பியூட்டமால் இன்ஹேலர், மூக்கடைப்புக்கு வாங்கிப் போடுகிற சளி மாத்திரை, அளவு மிஞ்சிய தைராக்சின், புகையிலை, நாளைக்கு ஏழெட்டு டீ என்று எதுவும் காரணமாக இருக்கலாம். ஆகவே மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இரத்த எண்ணிக்கை, தைராய்டு, ஈ.சி.ஜி., தேவைப்பட்டால் எக்கோ, தேவைப்பட்டால் 24 மணி நேரம் நெஞ்சில் மாட்டிவைக்கிற ஹோல்டர். பெரும்பாலும் இவ்வளவில் காரணம் தெரிந்துவிடும்.

சிலருக்கு எல்லாம் சரியாக இருக்கும், துடிப்பு மட்டும் இறங்காது. பெரும்பாலும் இளம்பெண்கள். “ஒண்ணுமில்லை, மனப்பிரமை” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். காரணம் பிடிபடாத வேக நாடி என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட ஒரு நிலை. அவர்கள் படுகிற படபடப்பு உண்மை, களைப்பு உண்மை. உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இல்லை என்று சொல்ல வேண்டும். கஷ்டமே இல்லை என்று சொல்லக்கூடாது. இவர்களுக்குக் குறைந்த அளவு பீட்டா பிளாக்கரைத் தொடங்கிப் பார்க்கிறோம். எல்லோருக்கும் கேட்பதில்லை. கேட்காதவர்களுக்கு ஐவாபிரடின் என்று வேறொரு மருந்து இருக்கிறது.

பீட்டா பிளாக்கர் எப்படி வந்தது? 1948-இல் அமெரிக்காவில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்ற ஆய்வாளர், அட்ரினலின் என்ற ஹார்மோன் உடம்பில் வேலை செய்ய இரண்டு வகை ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று எழுதினார். ஆல்பா, பீட்டா என்று பெயர் வைத்தார். அன்றைக்கு அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். மருத்துவம் படித்து முடித்ததும் சிங்கப்பூருக்குப் போய் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர். பிறகு ஊர் திரும்பி கிளாஸ்கோவில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தவர்.

அந்தக் காலத்தில் நெஞ்சுவலி என்றால் எல்லோரும் ஒரே திசையில் யோசித்தார்கள்: இதயத்துக்கு இரத்தத்தைக் கூட்டிக் கொடுப்பது எப்படி? பிளாக் எதிர்த்திசையில் யோசித்தார். இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன? அட்ரினலின் வந்து விரட்டாமல் பார்த்துக்கொண்டால் என்ன? 1958-இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் சேர்ந்து அந்த ஒரே கேள்வியோடு உட்கார்ந்தார். முதலில் கிடைத்த மருந்து எலிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்ததுதான் ப்ரோப்ரனலால். 1960-களின் நடுவில் நோயாளிகளின் கைக்கு வந்தது. 1988-இல் ஜேம்ஸ் பிளாக், கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது? திருவிழாக் கூட்டத்தில் பேருந்து வந்து நிற்கிறது. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோம் அல்லவா? துண்டு பயணம் செய்யாது, ஆனால் அந்த இருக்கையில் வேறு யாரும் உட்கார முடியாது. பீட்டா பிளாக்கர் அந்தத் துண்டு. இதயத்தில் அட்ரினலின் வந்து உட்கார்ந்து விரட்டுகிற இருக்கைகளான பீட்டா ஏற்பிகளில் இது முன்னாலேயே கிடக்கிறது. குறைந்த அளவு என்றால் கொஞ்சம் துண்டுகள்தான்; மீதி இருக்கைகள் காலி. அதனால்தான் படியேறினால் துடிப்பு கொஞ்சம் ஏறவே செய்யும், முழுதாகக் கட்டிப்போட்ட மாதிரி ஆகாது. இந்தத் துண்டை நினைவில் வையுங்கள், மாத்திரையை நிறுத்துவதைப் பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

ஏன் குறைந்த அளவில் தொடங்குகிறோம்? “10 மில்லிகிராம்தானே, இது என்ன செய்துவிடும்?” என்று சிலர் கேட்கிறார்கள். குறைந்த அளவின் அருமையை மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட வரலாற்றைக் கேளுங்கள்.

தளர்ந்துபோன இதயத்துக்கு பீட்டா பிளாக்கர் கொடுக்கவே கூடாது என்று ஒரு காலத்தில் மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். ஏற்கெனவே தளர்ந்த இதயத்தை இன்னும் அடக்கினால் நின்றுவிடாதா என்ற நியாயமான பயம். 1975-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், இதயத்தசை தளர்ந்த ஏழு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். அந்த ஏழு பேருக்கும் ஓய்விலேயே துடிப்பு வேகமாக இருந்தது. மாத்திரை கொடுத்ததும் அவர்கள் நிலை தேறியது. யாரும் எளிதில் நம்பவில்லை. இருபது ஆண்டுக்கு மேல் விவாதம் நடந்தது. 1999-இல் 2,647 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் பிசோப்ரோலாலைச் சோதித்த முடிவு வெளிவந்தது. மருந்து இல்லாத பிரிவில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு மேல் இறந்தார்கள். மருந்து எடுத்த பிரிவில் பன்னிரண்டு பேருக்கும் குறைவு. ஆய்வை நடுவிலேயே நிறுத்தி அறிவிக்கும் அளவுக்கு வித்தியாசம் தெளிவாக இருந்தது.

அவர்கள் எவ்வளவில் தொடங்கினார்கள்? 1.25 மில்லிகிராம். இலக்கு 10 மில்லிகிராம். எட்டில் ஒரு பங்கில் தொடங்கி, வாரக்கணக்கில், படிப்படியாக ஏற்றினார்கள். அதே இதயத்துக்கு முதல் நாளே 10 கொடுத்திருந்தால் பழைய பயம் உண்மையாகியிருக்கலாம். ஆகவே உங்கள் மருத்துவர் மெட்டோப்ரோலால் 12.5 என்றோ 25 என்றோ, ப்ரோப்ரனலால் 10 என்றோ எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றால், அது அரைகுறை வைத்தியம் அல்ல. அதுதான் முறை.

முதல் இரண்டு வாரம் எப்படி இருக்கும்? உடம்பு சற்று அசதியாக இருக்கும். கைவிரல், கால்விரல் சில்லென்று இருக்கலாம். சிலருக்குத் தூக்கத்தில் தெளிவான கனவுகள் வரும், ப்ரோப்ரனலாலில் இது அதிகம். சட்டென்று எழுந்தால் கண் இருட்டலாம், அதனால் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்திருங்கள். அசதி பெரும்பாலும் நாளாக நாளாகக் குறையும். ஆண்களில் சிலருக்குத் தாம்பத்தியத்தில் சிரமம் வரலாம். வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையை ரகசியமாக நிறுத்துகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள். வேறு மருந்து இருக்கிறது, மாற்றித் தருவோம். காலையில் மாத்திரைக்கு முன் துடிப்பை எண்ணுங்கள். 50-க்குக் கீழே போனாலோ, தலை சுற்றினாலோ அன்றைய மாத்திரையைப் போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். நடைப்பயிற்சியில் கைக்கடிகாரம் காட்டுகிற இலக்கு எண்ணை எட்டவில்லையே என்று வேகத்தைக் கூட்டாதீர்கள். அந்தக் கணக்கு இந்த மாத்திரை போடாதவர்களுக்கு. மெல்லக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தோ மென்றோ சாப்பிடாதீர்கள்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஆஸ்துமா இருக்கிறதா? மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சின்ன வயதில் வீசிங் இருந்தது என்றாலும் சொல்லுங்கள். இந்த மாத்திரை மூச்சுக்குழலைச் சுருக்கிவிடக்கூடும். கண்ணில் நீர் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு விடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள். அதுவும் பீட்டா பிளாக்கர்தான், கண்ணில் விட்டாலும் இரத்தத்தில் கலக்கும். வெராபமில், டில்டியாசெம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சொல்லுங்கள். அவற்றோடு இது சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் சொல்லுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. லோ சுகர் வரும்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அதை வைத்துத்தான் நீங்கள் சுதாரித்துக்கொள்கிறீர்கள். இந்த மாத்திரை அந்த இரண்டு எச்சரிக்கையையும் மறைத்துவிடக்கூடும். வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். இதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

இப்போது அந்தத் துண்டுக்கு வருகிறேன். இருக்கைகளில் துண்டு கிடப்பதைப் பார்த்த உடம்பு சும்மா இருக்காது. மாதக்கணக்கில் அப்படியே இருந்தால், இதயம் புது இருக்கைகளைச் சேர்த்துக்கொள்ளும். இந்த நிலையில், “துடிப்பு 72 ஆகிவிட்டது, நல்லாயிட்டேன்” என்று ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? துண்டுகள் எல்லாம் ஒரேயடியாக எடுக்கப்படும். பழைய இருக்கை, புது இருக்கை எல்லாவற்றிலும் அட்ரினலின் ஏறி உட்காரும். துடிப்பு முன்னைவிட வேகமாக எகிறும், இரத்த அழுத்தம் ஏறும். இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு அது மாரடைப்பில் கொண்டுபோய் விடலாம். நிறுத்தவே முடியாத மருந்து அல்ல இது. ஒரு வாரம், இரண்டு வாரம் எடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டிய மருந்து. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும்போது நகையை மறக்கமாட்டீர்கள். மாத்திரை அட்டையை மறந்துவிட்டு நான்கு நாள் தங்கிவிடுகிறீர்கள். அதுவும் ஒரேயடியாக நிறுத்துவதுதான். அறுவை சிகிச்சைக்குப் போனால் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திக்கொண்டு போகாதீர்கள். பல் பிடுங்கப் போனாலும் சொல்லுங்கள்.

பின்னால் நிற்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒன்று. நேர்காணலுக்கு முன், மேடை ஏறுவதற்கு முன் நண்பனிடம் ஒரு ப்ரோப்ரனலால் வாங்கிப் போடுகிற வழக்கம் பரவியிருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் துப்பாக்கி வீரர் கிம் ஜாங்-சு இரண்டு பதக்கங்களை இழந்தார். அவர் உடம்பில் இருந்தது இதே ப்ரோப்ரனலால். கை நடுங்காமல் இருக்க உதவும் என்பதால் துப்பாக்கிச் சுடுதலில் அது தடை செய்யப்பட்ட மருந்து. கை நடுக்கத்தை நிறுத்துகிற சக்தி அதற்கு உண்டு. ஆஸ்துமா இருப்பது தெரியாத நண்பனின் மூச்சை நிறுத்துகிற சக்தியும் உண்டு. ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததை இன்னொருவர் போடக்கூடாது.

கடைசியாக, எது அவசரம்? உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று துடிப்பு 150-க்கு மேல் தாவினால், தாளம் தப்பித் தப்பித் துடித்தால், கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால், அது நான் இவ்வளவு நேரம் பேசிய வேக நாடி அல்ல. வீட்டில் மாத்திரை தேடாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

இந்த மாத்திரையை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டு, பயத்தில் நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த அரங்கில் நிச்சயம் இருப்பீர்கள். மாத்திரையை வழக்கம்போலப் போடுங்கள். இந்த வாரத்துக்குள் உங்கள் மருத்துவரைப் பார்த்து, “எனக்கு ஏன் துடிப்பு வேகமாக இருந்தது? காரணம் பார்த்தோமா? எவ்வளவு நாள் சாப்பிட வேண்டும்?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது எங்கள் கடமை. இப்போது உங்கள் கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், கேளுங்கள்.